பழைய ஆண்ட்ராய்டு போனை ரூட் பண்ணுவது எப்படி: ராமநாதபுரம் கரைப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

போனை ரூட் பண்ணுகிற வேலை பத்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாடுதான் நாட்களைத் தின்னும். வீடியோ போடுகிறவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மிச்சத்தைத் தட்டுத் தடுமாறி நாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கிருந்து கேட்டாலும் பையன்கள் கேட்பது ஒரே கேள்விகள்தான் என்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ரூட் பண்ணினால் போனின் முழு அதிகாரமும் உங்கள் கைக்கு வரும். கம்பெனி ஏற்றி அனுப்பிய, அழிக்கவே முடியாத ஆப்களைத் தூக்கலாம். நம் பக்கத்தில் இதற்கு உருப்படியான காரணம் ஒன்றும் உண்டு. படகில் ஜிபிஎஸ்ஸுக்காக மாட்டி வைத்த பழைய போன், பேட்டரியிலிருந்து வரும் சார்ஜரில் எந்நேரமும் செருகியே கிடக்கிறது. நூறு சதவீதத்திலேயே நின்று வெயிலும் சேர்ந்துகொண்டால் சில மாதங்களில் பின்மூடி உப்பிவிடும். ரூட் செய்த போனில் ஏசிசி என்ற சின்ன நிரல் போட்டு, சார்ஜ் 60 அல்லது 70 சதவீதம் வந்ததும் நிற்கும்படி வைக்கலாம். எல்லா மாடலும் இதற்கு ஒத்துழைக்காது, பெரும்பாலானவை ஒத்துழைக்கும். வேறு காரணமில்லாமல் சும்மா பார்ப்போமே என்றால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

1. எந்தப் போன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் புழங்கும் போனில் கை வைக்காதீர்கள். ஜிபே, போன்பே, வங்கி ஆப் எல்லாம் போன் ரூட் ஆகியிருக்கிறதா, பூட்லோடர் (போனை எழுப்பி, எந்த மென்பொருளை ஓடவிடலாம் என்று காவல் காக்கும் நிரல்) திறந்திருக்கிறதா என்று பார்க்கின்றன. முன்பெல்லாம் ரூட்டை மறைத்து ஓட்டிவிடலாம். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை 2025 மே மாதத்திலிருந்து, ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், உள்ளே இருக்கும் சிப்பிடமே சாட்சி கேட்கிறது. அதனால் இன்று வேலை செய்கிற மறைப்பு வித்தை நாளைக் காலையில் படுத்துவிடலாம். ஏலக்கூடத்தில் மீனை எடுத்துவிட்டுப் பணம் அனுப்பப் போகும் நேரத்தில் "அண்ணே, ஜிபே திறக்கலண்ணே" என்று நிற்கக் கூடாது.

படகில் பொருத்திய டிரான்ஸ்பாண்டரோடு (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) புளூடூத்தில் இணைத்திருக்கும் போனும் வேண்டாம். அது உயிர் சமாச்சாரம். ரூட் செய்த போனை ஜிபிஎஸ்ஸுக்கு வைத்தாலும், எல்லைக்கோடு பார்க்க அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தனி ஜிபிஎஸ் கருவி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஆக, இரண்டாவது போன். வீட்டில் கிடக்கும் பழையது இல்லையென்றால் கைமாறிய போன் வாங்கலாம். வாங்கும்போது *#06# போட்டு ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டுப்போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். பில் இல்லாத போனை இந்தச் சோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

2. உங்கள் மாடல் திறக்குமா?

பூட்லோடர் திறக்காத போனை ரூட் பண்ண நேர்வழி கிடையாது. நிறையப் பேர் எல்லாவற்றையும் தரவிறக்கி முடித்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பிக்சலும் ஒன்பிளஸ்ஸும் சுலபம். மோட்டோரோலாவில் பல மாடல்களுக்குக் கம்பெனியின் இணையதளமே திறப்புக் குறியீடு தருகிறது. வாங்கிக்கொண்டால் வாரண்டி போகும். ஷாவ்மி, ரெட்மி, போகோ திறக்கும், ஆனால் காத்திருக்க வைப்பார்கள். ரியல்மியில் டெப்த் டெஸ்ட் என்ற ஆப் வழியாகச் சில மாடல்கள் மட்டும். விவோவில் அதிகாரபூர்வமான வழியே இல்லை. நம் ஊரில் பாதிப் பேர் கையில் விவோதான், அவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாம்சங் தனிக்கதை. ஒருமுறை திறந்து ரூட் செய்துவிட்டால் நாக்ஸ் என்ற உள் ஃப்யூஸ் போய்விடும். பிறகு பழைய மென்பொருளையே போட்டாலும் அது திரும்பாது, செக்யூர் ஃபோல்டர் போன்றவை அந்தப் போனில் நிரந்தரமாக இல்லை. ஒன் யூஐ 8 அப்டேட்டோடு திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். எனவே சாம்சங் வைத்திருப்பவர்கள் அப்டேட் பொத்தானைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த போன்கள் அதிகம். அவற்றில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஹுவாவே 2018-லேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது, அதை விட்டுவிடுங்கள். மற்றவற்றில், போன் எந்த நாட்டுக்கென்று செய்யப்பட்டதோ அந்த நாட்டு மென்பொருளைத்தான் தேட வேண்டும். பெட்டியில் ஒரே மாடல் பெயர் இருக்கும், இந்தியப் பதிப்புக்கும் உலகப் பதிப்புக்கும் உள்ளே கோப்பு வேறு. செட்டிங்ஸில் "போனைப் பற்றி" பக்கத்தில் உள்ள பில்டு எண்ணை (போனில் ஓடும் மென்பொருள் பதிப்பின் எண்) முழுதாக, கடைசி எழுத்துவரை எழுதி வையுங்கள். ஷாவ்மியில் அந்த எண்ணின் நடுவில் "ஐஎன்" என்று வந்தால் இந்தியா, "எம்ஐ" என்று வந்தால் உலகப் பதிப்பு.

3. கையில் வைத்திருக்க வேண்டியவை

போன் பில், அல்லது ஐஎம்இஐ அச்சிட்ட பெட்டி. ஐஎம்இஐ இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், போட்டோவாக அதே போனில் வைத்துப் பயனில்லை. கூகுள் கணக்கின் கடவுச்சொல் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். போன் அழிந்து திரும்ப எழும்போது பழைய கணக்கைக் கேட்கலாம். "அதெல்லாம் கடைக்காரர்தான் போட்டுக் குடுத்தார்" என்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

ஷாவ்மி என்றால் மீ கணக்கு ஒன்று, அதில் உங்கள் பெயரிலுள்ள சிம் எண், அந்தச் சிம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். கணக்கு புதிதாகத் தொடங்கியதாக இருந்தால் ஒரு மாதம் பழசாகும்வரை விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். அதனால் ரூட் பண்ணும் எண்ணம் லேசாக இருந்தாலே இன்றைக்கே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். காசா பணமா.

விண்டோஸ் லேப்டாப் ஒன்று வேண்டும். பிரவுசிங் சென்டர் கணினி சரிப்படாது. டிரைவர் (கணினி போனை அடையாளம் காண உதவும் நிரல்) ஏற்ற விடமாட்டார்கள், ஏற்றினாலும் ஒருமுறை அணைத்துப் போட்டால் எல்லாம் அழிந்திருக்கும்.

4. பேக்கப்

பூட்லோடரைத் திறந்த நொடியில் போனில் உள்ள எல்லாம் அழியும். விதிவிலக்கு இல்லை.

வாட்ஸப், போட்டோ, கான்டாக்ட் எல்லாரும் எடுத்துவிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் மறப்பது ஜிபிஎஸ் ஆப்பில் குறித்து வைத்த இடங்களை. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டு) எந்தக் காலத்தில் மீன் படும், எங்கே வலை சிக்கும் என்று ஆண்டுக்கணக்காகச் சேர்த்த புள்ளிகள் அந்த ஆப்புக்குள்தான் கிடக்கும், கூகுள் பேக்கப்பில் வராது. ஆப்பின் மெனுவில் எக்ஸ்போர்ட் என்பதை அழுத்தி ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். எடுத்த கோப்பை வேறொரு போனில் திறந்து, புள்ளிகள் வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி.

5. சார்ஜிங் ஓட்டை, கேபிள், கரண்ட்

கடலோரத்தில் இந்த வேலை கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் உப்பு. டார்ச் அடித்து சார்ஜிங் ஓட்டைக்குள் பாருங்கள். நடுநாக்கின் தங்க நிறத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும், அடியில் மணலும் பஞ்சும் அழுத்தமாகப் படிந்திருக்கும். அந்த ஓட்டையில் சார்ஜ் ஏறும், ஏனென்றால் சார்ஜுக்கு இரண்டு தகடு போதும். தரவு போகும் தகடு தனி. கோப்பு பாதி ஏறும்போது தொடர்பு அறுந்தால் போன் எழாது.

போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் அடியில் உள்ளதை மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கேபிளையும் சோதியுங்கள்: லேப்டாப்பில் போட்டு, முனையை லேசாக அசைக்கும்போது இணைப்பு விட்டு விட்டு வந்தால் அந்தக் கேபிள் குப்பைக்கு. புதிதாக வாங்கும்போது "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்குங்கள், பஸ் ஸ்டாண்டில் விற்கும் சிலவற்றில் சார்ஜ் மட்டும்தான் போகும்.

ரைசன் சிப் உள்ள லேப்டாப்பில் நீல நிற யுஎஸ்பி துளை தகராறு செய்வது உண்டு. பழைய யுஎஸ்பி 2 ஹப் ஒன்றை இடையில் போட்டால் சரியாகிவிடும். மேசைக் கணினி என்றால் அன்றைக்கு ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் குறைந்தது 60 சதவீதம் சார்ஜ் இருக்கட்டும்.

விசைப்படகுக்காரர்களுக்கு நல்ல காலம் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், போன் ஒரு வாரம் மேசையில் கிடந்தாலும் தொழில் கெடாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்து போகிற நேரத்தில், வானிலைச் செய்தி வரும் போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

6. பூட்லோடரைத் திறப்பது

செட்டிங்ஸில் பில்டு எண்ணின்மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். ஷாவ்மியில் ஓஎஸ் பதிப்பின்மேல் தட்ட வேண்டும். அதற்குள் ஓஇஎம் அன்லாக், யுஎஸ்பி டிபக்கிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஓஇஎம் அன்லாக் மங்கலாக இருந்தால் நெட்டை இணைத்துச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள்.

லேப்டாப்பில் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற தொகுப்பை கூகுளின் ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். சின்னக் கோப்புதான், இலவசம். அதைச் சி டிரைவில், பெயரில் இடைவெளி இல்லாத ஃபோல்டரில் பிரித்து வைத்து, அங்கிருந்தே கமாண்ட் விண்டோவைத் திறங்கள். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

"ஏடிபி டிவைசஸ்" என்று அடித்தால் போன் திரையில் அனுமதி கேட்கும், கொடுங்கள். ஒரு எண்ணும் பக்கத்தில் டிவைஸ் என்ற சொல்லும் வந்தால் இணைப்பு சரி. அப்புறம் "ஏடிபி ரீபூட் பூட்லோடர்". போன் ஃபாஸ்ட்பூட் என்ற வேறொரு திரைக்குப் போகும். அங்கே "ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்" அடியுங்கள். இதில் ஒன்றும் வரவில்லையென்றால் டிரைவர் கோளாறு. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டும் இடத்தில் கூகுள் யுஎஸ்பி டிரைவரைக் கையால் ஏற்ற வேண்டும். பாதிப் பேர் "போன் டெட்" என்று நினைத்துப் பயப்படுவது இந்த இடத்தில்தான். போனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பிக்சல், ஒன்பிளஸ்: "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்". போன் திரையில் வால்யூம் பட்டனால் நகர்த்தி, பவர் பட்டனால் சம்மதிக்க வேண்டும். மோட்டோவில் தளம் அனுப்பிய குறியீட்டைச் சேர்த்து அடிக்க வேண்டும்.

ஷாவ்மிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஹைப்பர் ஓஎஸ் (ஷாவ்மியின் புதிய மென்பொருள்) உள்ள போன்களில் முதலில் ஷாவ்மி கம்யூனிட்டி ஆப்பில் அனுமதி கேட்க வேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு, அது சீன நேரப்படி நள்ளிரவில் புதிதாகும். நமக்கு இரவு 9.30. அதற்கு முன்பே ஆப்பைத் திறந்து வைத்து, மணி மாறியதும் அழுத்துங்கள். பத்து மணிக்கு மேல் போனால் "இன்றைய ஒதுக்கீடு முடிந்தது" என்றுதான் வரும். கிடைக்கவில்லையென்றால் மறுநாள். அனுமதி கிடைத்ததும் வைஃபையை அணைத்து, சிம்மின் மொபைல் டேட்டாவில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் "மீ அன்லாக் ஸ்டேட்டஸ்" பக்கத்தில் கணக்கை இணையுங்கள். தனுஷ்கோடி பக்கம் இருந்துகொண்டு இதைச் செய்யாதீர்கள், சில நேரம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். இணைத்த பிறகு 72 மணி நேரம், பழைய மியூஐ மென்பொருள் உள்ள போன்களில் 168 மணி நேரம், காத்திருக்க வேண்டும். இடையில் கணக்கிலிருந்து வெளியேறினாலோ திரும்பத் திரும்ப இணைத்துப் பார்த்தாலோ காத்திருப்பு நேரம் முதலிலிருந்து ஓடும். நேரம் முடிந்ததும் மீ அன்லாக் மென்பொருளால் திறக்கலாம்.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிறோம் என்று சொல்லி, முன்பணம் அனுப்பச் சொல்லும் ஆட்கள் டெலிகிராமில் நிறைய. உங்கள் லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதியும் கேட்பார்கள். வேண்டாம்.

7. சரியான பூட் கோப்பு

போன் எழும்போது ஓடுகிற பூட் கோப்பை மாற்றி ஏற்றுவதுதான் ரூட். இதில்தான் அதிக கவனம் வேண்டும். போனில் ஓடுகிற அதே பில்டு எண்ணுள்ள முழு மென்பொருளைத் தரவிறக்க வேண்டும். பழைய பதிப்பைப் போட்டால், பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ள போன்கள் மொத்தமாகப் படுத்துவிடும். அப்புறம் சர்வீஸ் சென்டர்தான்.

கோப்பு பல ஜிபி வரும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் இது நடக்காது. வைஃபை உள்ள நண்பர் வீட்டில் எடுங்கள், அல்லது கூடுதல் டேட்டா போடுங்கள். பிக்சலுக்கு கூகுளே கொடுக்கிறது. பிரித்தால் உள்ளே பூட் என்ற பெயரில் ஒரு கோப்பு, சிலவற்றில் இனிட் பூட் என்று இன்னொன்றும் இருக்கும். கடைக்கு வரும்போதே ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் இருந்த போன் என்றால் இனிட் பூட், பழையது என்றால் பூட். 12-ல் வந்து பிறகு 14-க்கு அப்டேட் ஆன போனும் பழைய கணக்குதான். "பேலோடு" என்ற ஒரே பெரிய கோப்பாக வந்தால், பேலோடு டம்பர் என்ற கருவி அதைப் பிரித்துக் கொடுக்கும்.

8. மேஜிஸ்க்

பூட் கோப்பை மாற்றி ரூட் அதிகாரம் தருவது மேஜிஸ்க் என்ற ஆப். அதை கிட்ஹப் என்ற நிரல் தளத்தில் உள்ள அதன் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். மேஜிஸ்க் பெயரில் தனி இணையதளம் வைத்திருப்பதெல்லாம் போலி. "ஒரே கிளிக்கில் ரூட்" என்று வரும் ஆப்களையும் தொடாதீர்கள், அவை ரூட் பண்ணுகிறதோ இல்லையோ, உங்கள் தரவை உருவிவிடும்.

பூட் கோப்பைப் போனுக்கு அனுப்பி, மேஜிஸ்க்கில் இன்ஸ்டால், அதில் "செலக்ட் அண்ட் பேட்ச் எ ஃபைல்" (கோப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் மேஜிஸ்க்கை ஒட்டு) என்ற வரியை அழுத்துங்கள். டவுன்லோடு ஃபோல்டரில் மேஜிஸ்க் பேட்ச்டு என்று தொடங்கும் புதுக் கோப்பு வரும். அதை லேப்டாப்புக்கு "ஏடிபி புல்" கட்டளையால் எடுங்கள். சாதாரணமாக இழுத்துப் போடும்போது சில நேரம் கோப்பு சிதைகிறது.

பூட் வகைப் போன் என்றால் உடனே ஏற்றாமல், "ஃபாஸ்ட்பூட் பூட்" என்று அடித்துக் கோப்பின் பெயரைச் சேர்த்துத் தற்காலிகமாக ஓட்டிப் பாருங்கள். எழுந்தால் மேஜிஸ்க்கில் நேரடி இன்ஸ்டால் கொடுத்து நிலைப்படுத்தலாம். எழவில்லையென்றால் பவர் பட்டனைப் பிடித்து அணைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். இந்த வசதியை எல்லாப் போனும் தராது. தராதவற்றில் "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்", இனிட் பூட் வகைக்கு "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் இனிட் அடிக்கோடு பூட்", பின்னால் கோப்பின் பெயர். ஓகே என்று இரண்டு வரி வரும், பிறகு "ஃபாஸ்ட்பூட் ரீபூட்". சாம்சங்கில் பூட் கோப்புக்குப் பதில், மென்பொருள் தொகுப்பில் ஏபி என்று தொடங்கும் கோப்பு முழுவதையும் மேஜிஸ்க்கில் ஒட்டி, ஓடின் மென்பொருளால் ஏற்ற வேண்டும்.

போன் எழும்போது பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வரும். அது அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள்.

9. எழுந்த பிறகு

தானாக சிஸ்டம் அப்டேட் ஆவதை உடனே அணையுங்கள். அப்டேட் வேண்டும் என்கிறபோது மேஜிஸ்க்கில் பழைய கோப்பை மீட்கும் வசதியைக் கொடுத்துவிட்டு அப்டேட் செய்து, ரீபூட்டுக்கு முன் மறு ஸ்லாட்டில் (புதிய போன்களில் மென்பொருளுக்கு இரண்டு இடம் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஸ்லாட்) இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். ஸ்லாட் இல்லாத பழைய போனில் ஏழாம் படியிலிருந்து மறுபடி.

மாட்யூல்களை (மேஜிஸ்க்கில் கூடுதலாகப் போடும் சின்ன நிரல்கள்) ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்று போட்டு, ரீபூட் செய்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து அடுத்தது. லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நின்றால் பதற வேண்டாம். சேஃப் மோடில் எழுப்பினால் மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் அணைத்துவிடும். பல போன்களில் லோகோ வரும்போது வால்யூம் கீழ்ப் பட்டனைப் பிடித்திருந்தால் போதும். அதிலும் எழவில்லையென்றால், மேஜிஸ்க் ஒட்டாத பழைய பூட் கோப்பை ஃபாஸ்ட்பூட்டில் திரும்ப ஏற்றுங்கள். அதனால்தான் அந்தக் கோப்பை அழிக்கக் கூடாது.

ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரும் ஆப்கள் ரூட் போனுக்கு உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 ஆண்டுவரை சிறையும் 50 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உள்ள குற்றம். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

10. செலவு

மென்பொருள் எதற்கும் காசு இல்லை. நல்ல டேட்டா கேபிள் 200, 300 ரூபாய், ஆல்கஹாலும் பிரஷ்ஷும் சேர்ந்து அதைவிடக் குறைவு, டேட்டா பேக் தனி. கைமாறிய போன் வாங்கினால் அதுதான் பெரிய செலவு. கடையில் கொடுத்தால் ஆயிரம் ரூபாய்வரை கேட்கிறார்கள். கேட்பது அநியாயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு கடையில் ஒட்டாத பழைய பூட் கோப்பைத் தராமலே அனுப்பிவிட்டார்கள், அடுத்த கோளாறுக்கும் அவர்களிடமே போக வேண்டியதாயிற்று. கடையில் செய்தால் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

11. பழையபடி ஆக்கி விற்பது

மேஜிஸ்க்கில் முழு நீக்கம் கொடுத்து, அதே பதிப்பின் முழு மென்பொருளை ஒருமுறை ஏற்றி, போன் ஒழுங்காக எழுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பூட்லோடரைப் பூட்ட வேண்டும். ரூட் இருக்கும்போதே பூட்டினால் போன் எழவே எழாது, பல மாடல்களில் திரும்பத் திறக்கவும் முடியாது. ஷாவ்மிக்காரர்கள் அவர்களுடைய ஃப்ளாஷ் மென்பொருளில் கீழே மூன்று தேர்வுகள் இருப்பதைக் கவனியுங்கள். அதில் "கிளீன் ஆல் அண்ட் லாக்" என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். துபாயிலிருந்து வந்த போனில் வேறு நாட்டு மென்பொருளை ஏற்றியிருந்து அந்தத் தேர்வோடு ஓட்டினால் போன் நின்றுவிடும், "கிளீன் ஆல்" மட்டும் வையுங்கள். கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கு, மீ கணக்கு இரண்டிலிருந்தும் வெளியேறிவிட்டு ரீசெட் செய்யுங்கள். வாங்குகிறவரிடம் பூட்லோடர் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லிவிடுங்கள், அவர் அதில் ஜிபே போடப் பார்ப்பார்.